மூன்றாம் குளத்து முங்கிகள்

அவர் யாரையும் மெச்சிப் பேசி நான் கேட்டதில்லை. ஊரில் பெரிய மனிதர்கள் என்று இருபது பேராவது தேறும். இருபது பேரைப் பற்றியும் அவரிடம் ஒரே அபிப்பிராயம்தான் இருந்தது. அதை இங்கே எழுத முடியாது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், ஊர்ச் சாக்கடையெல்லாம் ஒன்றாகக் கூடி உள்ளே நுழைகிற இடத்தில், பதினெட்டு வருடமாகக் கம்பிச் சல்லடைக்கு முன்னால் நிற்பவர் அவர். தண்ணீரோடு வருகிற கந்தல் துணி, நெகிழிப்பை, முடிக்கற்றை, பொம்மைக் கை, பல்செட்டு எல்லாம் அந்தச் சல்லடையில் வந்து சிக்கும். நீளக் கைப்பிடி போட்ட இரும்பு வாரியால் அவற்றை இழுத்து மேலே போட வேண்டும். போடாவிட்டால் பம்ப் அடைத்துக்கொள்ளும்.

"நீங்கல்லாம் ஊரோட மூஞ்சியப் பாக்குறீங்க. நான் பாக்குறது வேற," என்பார்.

நான் அதே நிலையத்தில் ஆய்வக உதவியாளன். குளங்களிலிருந்து பாட்டிலில் தண்ணீர் மொண்டு வந்து, அதில் எவ்வளவு காற்று கரைந்திருக்கிறது, என்னென்ன கெட்டது கலந்திருக்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அக்கா என்பேன். அவர் என்னைப் 'பாட்டில் தம்பி' என்பார். அதில் பாசம் எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அக்கா பம்ப் மெக்கானிக் படிப்பு முடித்தவர். வகுப்பில் முப்பத்தொரு ஆண்கள், இவர் ஒருத்தர். வேலைக்குச் சேர்ந்த அன்று மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாரியை எடுத்துக் கையில் கொடுத்தார். பம்ப் இயக்குபவர் இடம் காலியானபோதெல்லாம் விண்ணப்பம் போட்டார். மூன்று தடவையும் வேறு யாரோ வந்தார்கள். அதில் ஒருவருக்கு வால்வை எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்று அக்காதான் சொல்லிக் கொடுத்தார். பிறகு விண்ணப்பம் போடுவதை நிறுத்திவிட்டார். பேச்சில் காரம் கூடியது அப்போதிருந்துதான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

வீட்டுக்காரருக்குச் சந்தைப் பக்கம் பூட்டு சாவிக் கடை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். குழந்தைகள் இல்லை. நாத்தனார் மாதம் ஒருமுறை வருவார். வந்தால் ஜன்னலோரம்தான் உட்காருவார், முந்தானை நுனி மூக்கை விட்டு இறங்காது. "அண்ணி குளிச்சிட்டுத்தான இருக்காங்க?" என்று ஒருமுறை அண்ணனிடம் கேட்டாராம். அதற்கு அக்கா உள்ளேயிருந்து, "நான் குளிச்சாச்சு. உங்க வீட்டுத் தண்ணிதான் இன்னும் குளிக்கல. நாளைக்கு வந்து சேரும், அப்பக் குளிப்பாட்டி விடுறேன்" என்றாராம். நாத்தனார் மூன்று மாதம் வரவில்லை.

நிலையத்தில் நான்கு குளங்கள். முதல் குளம் பார்க்கச் சகிக்காது. இரண்டாம் குளத்தில் பெரிய மோட்டார்கள் தண்ணீரைக் கடைந்து காற்றை ஏற்றும். மூன்றாம் குளத்தில் தண்ணீர் அடங்கித் தெளியும். நான்காவது ஏறக்குறைய ஏரி மாதிரி இருக்கும். மூன்றிலும் நான்கிலும் பறவைகள் வரும், போகும், தங்கும். சிவந்த குச்சிக் கால்களில் நடக்கும் நெடுங்கால் உள்ளான், நெற்றியில் வெள்ளை பூசிய நாமக்கோழி, சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகம், முங்கி முங்கி எழும் முக்குளிப்பான். எங்களில் யாரும் அவற்றை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அக்காவும் ரசிப்பதற்காகப் பார்க்கவில்லை. வேலைக்காகப் பார்த்தார். முக்குளிப்பான் உயிருள்ள பூச்சியையும் குஞ்சு மீனையும் நீருக்குள் துரத்திப் பிடிப்பது. தண்ணீர் கெட்டால் முதலில் மூட்டை கட்டுவது அதுதான். மூன்றாம் குளத்தில் அது இல்லையென்றால் இரண்டாம் குளத்தில் ஏதோ மோட்டார் படுத்துவிட்டது என்று அக்கா சொல்லிவிடுவார். என் பாட்டில் அதைச் சொல்வதற்கு இரண்டு நாள் ஆகும்.

"உன் பாட்டிலுக்கு சம்பளம் தர்றாங்க. அந்தக் குருவிக்கு யாரும் தர்றதில்ல," என்பார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடியிருப்பு. தகரமும் தார்ப்பாயும் சிமெண்டுக் கல்லும் கலந்து கட்டிய முந்நூறு வீடு. நிலையத்தின் நாற்றம் முழுவதும் அவர்களுக்கு. சாக்கடைக் குழாய் இணைப்பு மட்டும் ஒரு வீட்டுக்கும் கிடையாது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களின் மூளையை என்றைக்காவது சல்லடையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை.

சுவர் ஓரிடத்தில் இடிந்திருந்தது. பிள்ளைகள் அதன் வழியே நுழைந்து, சல்லடைக் குப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொறுக்குவார்கள். பழைய சாமான் கடையில் அதை எடுத்துக்கொள்வார்கள். அக்கா வாரியை ஓங்கிக்கொண்டு விரட்டுவார். குளத்தில் எவனாவது விழுந்து தொலைத்தால் யார் பதில் சொல்வது என்பது அவர் கவலை. பிள்ளைகள் அவருக்கு 'விரட்டக்கா' என்று பேர் வைத்தார்கள்.

ஒரு நாள் காலை எல்லாரும் ஓட, ஒரு பெண் மட்டும் ஓடவில்லை. ஒன்பது வயதிருக்கும். மூன்றாம் குளத்துக் கரையில் குந்தியிருந்தாள்.

"ஏன்டி, காது கேக்கலயா? ஓடு."

"அது மேல வரட்டும். போறேன்."

"எது?"

"முங்கி. உள்ள போயிருக்கு."

அக்காவும் பார்த்தார். போன இடத்திலிருந்து வெகு தூரம் தள்ளி முக்குளிப்பான் தலையைத் தூக்கியது.

"இருபத்தொண்ணு," என்றாள் அந்தப் பெண். "நேத்து இருபத்தி மூணு எண்ற வரைக்கும் உள்ளயே இருந்துச்சு."

"எண்ணி என்னடி பண்ணப் போற?"

"நீங்க அள்ளி அள்ளிப் போட்டு என்ன பண்ணப் போறீங்க?"

அக்காவை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. நிலையத்துப் பொறியாளரே கேட்டதில்லை. அன்று மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ஒரு ஊமைக்கோட்டான் வந்து என்னையே கேள்வி கேக்குது தம்பி." அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்குப் பெயர் கோட்டான்.

அதன் பிறகு விரட்டுவது ஒரு சடங்காக மட்டும் நடந்தது. பள்ளி விட்டதும் எட்டுப் பத்துப் பிள்ளைகள் வருவார்கள். அக்கா கத்துவார். அவர்கள் மூன்றாம் குளத்துக் கரைக்கு ஓடுவார்கள், வெளியே அல்ல. பொருள் வைக்கும் அறையில், நிலமட்டம் அளக்க வந்தவர்கள் எப்போதோ விட்டுப்போன பழைய கருவி ஒன்று கிடந்தது. முக்காலியில் திருகி, கண் வைத்துப் பார்ப்பது. அதை அக்கா தூசி தட்டிக் கரையில் நிறுத்தினார். எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. ஆனால் தலைகீழாகத் தெரிந்தது. பழைய கருவிகள் அப்படித்தானாம். போதாததற்கு அது பக்கவாட்டில்தான் திரும்பும், மேலே கீழே அசையாது. அளக்கிறவர்களுக்கு வானத்தில் என்ன வேலை?

அக்காவின் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, முக்காலியின் காலுக்கு அடியில் வைக்க மூன்று மர ஆப்புகள் செதுக்கிக் கொடுத்தார். ஆப்பை நகர்த்தினால் கருவி கொஞ்சம் நிமிரும், கொஞ்சம் குனியும். "தலைகீழையும் சரி பண்ணவா?" என்று கேட்டார். அந்த நாளுக்கான அவருடைய பேச்சில் பாதி அதிலேயே தீர்ந்தது. பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். நேராகத் தெரிவதை வெறுங்கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாமாம்.

பேர்களை அவர்களே வைத்தார்கள். நெடுங்கால் உள்ளானுக்குக் குச்சிக்காலன். நாமக்கோழிக்குச் சுண்ணாம்பு. ஆள் நுழைந்தாலே கத்தி ஊரைக் கூட்டும் ஆள்காட்டிக்கு போலீஸ். முக்குளிப்பான் முங்கி. பழைய பேப்பர் கடையில் அட்டை இல்லாத பறவைப் புத்தகம் ஒன்று அக்காவுக்குக் கிடைத்தது. அதை வைத்துப் புத்தகப் பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் ஆய்வகத்திலிருந்து ஒரு நீள நோட்டு கொடுத்தேன். அந்த விஷயத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதையும் கொடுத்தது யாரும் பார்க்காத நேரத்தில். கோட்டான் அதில் கட்டம் போட்டு, தேதி, குளம், எது எத்தனை என்று தினமும் எழுதினாள். எதுவும் வராத நாளில் சுழியம் போட்டாள். சும்மா விட்டால் பார்க்க மறந்தோமா, வரவில்லையா என்று பிறகு தெரியாதாம். எங்கள் நிலையத்தின் பதிவேட்டில் அந்த அளவு நாணயம் இருந்ததில்லை.

மூன்று வருடம் இப்படிப் போனது. அப்போதுதான் அறக்கட்டளை வந்தது.

பின்தங்கிய பகுதிக் குழந்தைகளுக்குப் பறவைகளையும் இயற்கையையும் அறிமுகப்படுத்தும் திட்டம் என்று வழவழப்பான தாளில் அச்சடித்துக் குடியிருப்பில் வீடு வீடாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர் அகலத் தொப்பி போட்ட ஒருவர். கால்சட்டையில் எண்ணிப் பார்த்தால் பதினோரு பை. பிள்ளைகள் அவருக்குத் தொப்பி சார் என்று பேர் வைத்துவிட்டார்கள். அக்கா தாளைப் படித்தார்.

"அறிமுகமா?" என்றார். "ரெண்டு கூட்டமும் ஒரே சாக்கடையிலதான் கெடக்குதுங்க. இவன் யாரு நடுவுல?"

ஆனால் பிள்ளைகளுக்கு பஸ் பயணம் என்றதும் கால் தரையில் நிற்கவில்லை. தெரிந்த ஆள் யாராவது கூடப் போனால்தான் அனுப்புவோம் என்று தாய்மார்கள் சொல்லிவிட்டார்கள். அக்கா தன் வார விடுமுறையைக் கொடுத்து பஸ் ஏறினார். அங்கே நடந்ததை எனக்கு நான்கு தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கோபப்பட்டுக்கொண்டு.

நாற்பது பிள்ளைகளுக்கும் சட்டை கொடுத்தார்களாம். சட்டையில் ஒரு பறவைப் படம். அந்தப் பறவை பனிப்பிரதேசத்தில் மட்டும் இருப்பது. ஒன்றரை மணி நேரம் பஸ். இறங்கிய இடம் ஒரு பூங்கா. வெட்டிய புல், சிமெண்டுக் கரை கட்டிய குளம், அதில் ரொட்டித் துண்டு தின்று கொழுத்த வாத்துகள். தொப்பி சார் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தார்.

"எல்லாரும் கண்ண மூடிக்கோங்க. இயற்கை உங்ககிட்ட பேசும். என்ன சொல்லுதுன்னு கேளுங்க."

பிள்ளைகள் மூடினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "கண்ண மூடிக்கிட்டா பறவைய எப்படி சார் பாக்குறது?" என்று ஒருவன் கேட்டான். தொப்பி சார் சிரித்தாராம். பின்னால் நின்ற படம் எடுப்பவர் சிரிக்கவில்லையாம். அவருக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடியிருக்க வேண்டும்.

கண்களில் வைத்துப் பார்க்கும் இரட்டைத் தொலைநோக்கி பன்னிரண்டு இருந்தது. படம் எடுக்கும்போது பன்னிரண்டு பேர் கழுத்தில் மாட்டினார்கள். முன்வரிசைப் பையன் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து வானத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவன் வைத்தான். "ஒண்ணும் தெரியல, இருட்டா இருக்கு," என்றான். கண்ணாடி மூடியை யாரும் கழற்றவில்லை. "பரவாயில்ல, அப்படியே இரு, நல்லா வருது," என்றார் படம் எடுப்பவர். அந்தப் படம்தான் அறக்கட்டளையின் ஆண்டு மலருக்கு அட்டையானது. ஓர் ஏழைக் குழந்தை முதன்முதலாக வானத்தைக் காண்கிறது என்று கீழே எழுதியிருந்தது. மூடியோடு.

அப்புறம் தண்ணீரோரம் நின்ற ஒன்றைக் காட்டி, "இது கொக்கு" என்றார் தொப்பி சார்.

"அது நாரை சார்," என்றாள் கோட்டான். "கொக்கு இவ்ளோ உசரம் இருக்காது."

"எல்லாம் ஒரே குடும்பம்தானே பாப்பா."

"நீங்களும் உங்க சித்தப்பாவும்கூட ஒரே குடும்பம்தான் சார்."

இதைச் சொல்லும்போது மட்டும் அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

கிளம்பும்முன், இன்று எத்தனை வகைப் பறவை பார்த்தோம் என்று தொப்பி சார் கேட்டார். ஆறு என்று அவரே பதிலும் சொன்னார். பிள்ளைகள் கை தட்ட வேண்டிய இடம் அது. கோட்டான் எழுந்து, "நேத்து எங்க குளத்துல இருபத்தெட்டு," என்றாள்.

"எந்தக் குளம்?"

"பீக்குளம்," என்று நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

தொப்பி சார் மறுவாரமே வந்தார், குளங்களைப் பார்த்தார். அந்த மனிதரை முழுக்கக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அரை மணி நேரம் நின்று பார்த்தார்; குறிப்புகூட எடுக்கவில்லை. தலைகீழ்க் கருவியில் கண் வைத்து, "அடேயப்பா" என்றார். அத்தோடு போயிருந்தால் அக்காவே அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பார். ஆனால் பார்த்ததை வைத்து ஏதாவது செய்தாக வேண்டும் என்பது அவருடைய வேலை. அறக்கட்டளைத் தலைவி அம்மாவையும் நன்கொடையாளர்களையும் அழைத்து வந்து விழா நடத்துவது என்று முடிவானது.

எங்கள் பொறியாளருக்குத் தலைகால் புரியவில்லை. கழிவுநீர் நிலையத்துக்கு விருந்தாளி வருவதை அவர் கனவிலும் கண்டதில்லை. கரைக்கு வெள்ளையடித்தார்கள். மேடை போட்டார்கள். காற்றின் திசை பார்த்து மேடையை இரண்டு தடவை மாற்றினார்கள்.

விழா அன்று தலைவி அம்மா காரைவிட்டு இறங்கியவுடனே கைக்குட்டையை மூக்கில் வைத்தார். அக்கா வழியில்தான் நின்றார்.

"எப்படிம்மா இந்த வாடையில வேலை பாக்குறீங்க?" என்று தலைவி அம்மா உருகிப்போய்க் கேட்டார்.

"பழகிடுச்சும்மா. பாதி உங்க பக்கத்துலேர்ந்து வர்றதுதான். உங்க தெருக் குழாய் ஏழாம் நம்பர்."

பொறியாளர் நடுவில் புகுந்து அவரை மேடைக்கு அழைத்துப் போனார். சட்டை அளவு சரியாக இருந்த பன்னிரண்டு பிள்ளைகளை மட்டும் உள்ளே விட்டார்கள். மற்றவர்கள் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். கோட்டான் வெளியே. மூன்று வருடம் நோட்டு எழுதியவள். சட்டை அவளுக்குத் தொளதொள. மேடையில் அக்காவுக்கு 'இயற்கையின் தோழி' என்று கேடயம் கொடுத்தார்கள். தொப்பி சார் பேசும்போது, இந்தத் தாய் மூன்று வருடமாகத் தினமும் குழந்தைகளை இந்தக் குளங்களுக்கு வரவிட்டு, அவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கைதட்டினார்கள். பொறியாளரும் தட்டினார். தட்டத் தட்ட அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

நான்காம் நாள் அக்காவுக்கு மெமோ வந்தது. ஆபத்தான பகுதியில் அனுமதியின்றி மூன்றாண்டுகளாகச் சிறுவர்களை நடமாட விட்டது ஏன், உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் கேட்டிருந்தது. அதே நாளில் இடிந்த சுவரைக் கல் வைத்து அடைத்தார்கள். கேடயம் சல்லடை மேடையில் தண்ணீர்க் குவளைக்கு மூடியாக இருந்தது.

"ஏன் அக்கா, தொப்பி சார்கிட்ட சொல்லி அந்தத் தலைவி அம்மாவ விட்டுப் பேசச் சொன்னா என்ன?" என்றேன்.

"பேசிட்டேன். அலைபேசியில பேசினாரு. ரொம்ப வருத்தமா இருக்காம். நிர்வாக விஷயத்துல தலையிட முடியாதாம். வாசலத் தெறந்தவன்னு ஊர் கூட்டிச் சொல்ல மட்டும் முடியும்."

பதில் நான் எழுதித் தரவா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் ஆய்வகப் பட்டயம் பாதியாய்ச் சுருங்கியது. இரண்டு மாலை உட்கார்ந்து அவரே எழுதினார். எனக்கு அந்தக் கடிதம் மனப்பாடம். 'பிள்ளைகளை வரவிட்டது உண்மை. எந்தெந்த நாள் வந்தார்கள் என்பதை இத்துடன் இணைத்துள்ள நோட்டில் காண்க. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குளத்திலும் என்ன இருந்தது என்பதும் அதில் உள்ளது. கோடையில் மூன்றாம் குளத்தில் முக்குளிப்பான் பூஜ்யம் என்று வரும் ஒன்பது நாட்களை மட்டும் நம் நிலையப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நடவடிக்கை எடுக்க வசதியாக இருக்கும்.' நகல், தலைமை அலுவலகத்துக்கு.

அந்த ஒன்பது நாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தக் கோடையில் இரண்டாம் குளத்துக் காற்று மோட்டார் இரண்டும் அடுத்தடுத்துக் கருகிவிட்டன. மேலதிகாரிகளின் ஆய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே சொன்னால் பேர் கெடும் என்று பொறியாளர் மறைத்தார். மோட்டார் ஓடியதாகப் பதிவேட்டில் எழுதினார்கள். மோட்டார் ஓடினால் தண்ணீரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டுமோ அதை நான் எழுதினேன். ஒன்பது நாளும் என் பாட்டில் தண்ணீரில் நனையவே இல்லை. மூன்றாம் குளம் கறுத்து, அந்தத் தண்ணீர் அப்படியே ஆற்றில் போய் விழுந்தது. அக்கா அப்போதே பொறியாளர் அறைக்குப் போய், முங்கிகள் போய்விட்டன, மோட்டாரைப் பாருங்கள் என்று சொன்னவர்தான். "நீ வாரியப் பாரு" என்று பதில் வந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். மெலிந்த, செருமிக்கொண்டே பேசுகிற மனிதர். மேசையில் ஒரு பக்கம் எங்கள் தடித்த பதிவேடு. இன்னொரு பக்கம் ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறை படிந்த நீள நோட்டு. அறையில் பொறியாளர் இருந்தார், அக்கா இருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஒண்ணுல மோட்டார் ஓடுதுன்னு இருக்கு. இன்னொண்ணுல குருவி இல்லன்னு இருக்கு," என்றார் அதிகாரி. "எதத் தம்பி நம்புறது?"

பொறியாளர் என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியே சல்லடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே குப்பை சேர்ந்துகொண்டிருந்தது. உடனே உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான் நினைவில்லை என்று தொடங்கினேன், வெயில் காலத்தில் பறவைகள் இடம் மாறுவது சகஜம் என்றேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த ஒம்பது நாள்ல நாலாம் நாள் குளத்துல பாட்டில முக்குனியா, இல்லயா?"

"இல்ல சார்."

அவ்வளவுதான் என் வீரம். இரண்டு வார்த்தை, அதுவும் பிடுங்கி எடுத்தது.

பொறியாளரைத் தலைமை அலுவலகத்துக்கே மாற்றினார்கள். மின்விசிறிக்குக் கீழே மேசை, நாற்றம் இல்லாத வேலை. தண்டனை என்று பேர். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம். மோட்டார்கள் புதிதாக வந்தன. அக்காவின் மெமோவை யாரும் ரத்து செய்யவும் இல்லை, தொடரவும் இல்லை. ஏதோ அலமாரியில் கிடக்கிறது. பம்ப் இயக்குபவர் இடம் ஒன்று அந்த வருடமும் காலியானது. அதற்கு வேறு யாரோ வந்தார்கள்.

அறக்கட்டளைக்கு மறுவருடம் நட்சத்திரங்கள் வந்துவிட்டன. பின்தங்கிய பகுதிக் குழந்தைகளுக்கு வானியலை அறிமுகப்படுத்துகிறார்கள். தொப்பி சார் தொப்பியைக் கழற்றிவிட்டதாகக் கேள்வி. இருட்டில் அதற்கு வேலை இல்லை.

சுவர் மூடியே கிடந்த ஏழு வாரமும் பிள்ளைகள் வரவில்லை. சாயங்காலம் ஆனதும் அக்கா வாரியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் குளத்துக் கரைவரை ஒருமுறை நடந்து வருவார், விரட்ட ஆளில்லாமல். பிறகு புதிதாக வந்த பொறியாளர், சின்ன வயதுக்காரர், முன்னவரின் கதி தெரிந்தவர், தானே ஒரு வழி சொன்னார். சுவரில் சிறு கதவு வைக்கலாம். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் திறக்கலாம். கரையில் கயிறு கட்டலாம். பிள்ளைகள் பேர் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

"குருவி பாக்கக் கையெழுத்தா? இது என்ன பேங்கா?" என்றார் அக்கா. ஆனாலும் கதவு வைத்த அன்று கீல் சரியாக விழுகிறதா என்று நாலு தடவை திறந்து மூடிப் பார்த்தார்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. கோட்டான் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். பறவையைப் பற்றிய படிப்பு இல்லை, கணக்குப்பதிவியல். குளத்துப் பக்கம் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம், அக்காவிடம் சொன்னேன்.

"பறவை பாத்தா பறவைக்காரியா ஆகணுமா? அப்ப சோறு தின்ன நீ ஏன் சமையல்காரனாகல?" என்றார். "அவ பாத்தா. அவ்ளோதான். அதுக்கு மேல அவகிட்ட எதுக்குக் கேக்குற? அறக்கட்டளையா நீ?"

எனக்கு ஒரு மகள், எட்டு வயது. அப்பாவுக்கு எங்கே வேலை என்று பள்ளியில் கேட்டால் 'தண்ணீர்த் துறை' என்று சொல்லச் சொல்லியிருந்தேன். போன மாதம் அக்காவுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. கால் மணி நேரம் கிழித்துத் தொங்கவிட்டார். அதில் அச்சில் ஏற்றக்கூடிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: "பதினஞ்சு வருசமா இங்க சோறு தின்னுட்டு, புள்ளைக்கு ஒரு முங்கியக் காட்ட வக்கில்ல."

அடுத்த ஞாயிறு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கதவருகே குடியிருப்புப் பிள்ளைகள் பதினேழு பேர் வரிசையில் நின்றார்கள். என் மகள் மூக்கைச் சுளித்தாள், ஒரு நிமிடம்தான். பிறகு கருவியைப் பார்த்தவள் நேரே முன்னால் போய்க் கண்ணை வைக்கப் பார்த்தாள். அக்கா வாரியின் கைப்பிடியைக் குறுக்கே நீட்டினார்.

"ஏய், யாரு நீ? பின்னால போ. உங்கப்பன் ஆய்வகத்துல இருந்தா எனக்கென்ன?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். அவள் போய்ப் பதினெட்டாவது ஆளாக நின்றாள்.